புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டுப் பழைய ஏடுகளில் எதை முதலில் ஸ்கேன் செய்தோம்

பேரேடு, கடிதம், இசைகுடிமான ஓலை (நகரத்தார் திருமண ஒப்பந்தம்), பழைய பத்திரிகை எல்லாம் கலந்து கிடக்கும் பெட்டகத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "வேறெங்கும் பிரதி இல்லாததை முதலில் எடுங்கள்" என்ற யோசனைதான். அச்சானவற்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியலோடு ஒப்பிட்டோம். அந்தச் சேகரிப்பே பக்கத்துக் கோட்டையூரில் உருவானதுதானே! அங்கே இருந்தவற்றை ஒதுக்கியதும் வேலை பெருமளவு குறைந்தது. கையெழுத்தில் இருந்தவை முன்னே வந்தன: பர்மா கடைக் கணக்கு, மொய் ஏடு, ஓலைகள்.

"பழையதிலிருந்து தொடங்குங்கள்" என்பது எங்களுக்குச் சரிவரவில்லை. காரணம், தேதி. ஒரு பேரேட்டில் 'விய வருஷம்' என்று மட்டும் இருந்தது. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அது 1886 ஆகவும் இருக்கலாம், 1946 ஆகவும் இருக்கலாம். உள்ளே ஒட்டியிருந்த ரசீதின் ரெவின்யூ ஸ்டாம்பில், 1936இல் அரியணை ஏறிய பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலை. அப்புறம் என்ன, 1946தான்.

எதிர்பாராதது ஒன்று: பேரேட்டுத் தாள்களுக்கு நடுவே ரங்கூன் கடிதங்கள் செருகியிருந்தன. அவற்றை உருவிவிடாமல், இருந்த இடத்திலேயே பக்க வரிசைப்படி படமெடுங்கள். எந்தக் கணக்குக்கு எந்தக் கடிதம் என்பதற்கு அந்த இடம் மட்டுமே சாட்சி. கடன் வாங்கியவர்கள் பெயருள்ள பக்கங்களை இப்போதைக்குப் பொதுவில் வைக்கவில்லை.