தானாகக் கழுவிக்கொள்ளும் டாய்லெட்: உங்களுக்கு என்ன நடந்தது?

வேளச்சேரி_வித்யா

பீச் பக்கம் நிற்குமே, காசு போட்டால் கதவு திறக்கும் ஸ்டீல் பெட்டி, அதைப் பற்றித்தான். எப்படி வேலை செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் விளக்கவில்லை. அம்மாவுக்கு சர்க்கரை. வெளியே கிளம்பினாலே முதலில் பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்பார். அன்றைக்கு வேறு வழியில்லை. காசு போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பதிவு செய்த பெண் குரல் ஏதோ சொன்னது. அதற்கு அம்மா, "இரும்மா, இன்னும் ஆகல, ஒரு நிமிஷம்" என்று பதில் சொல்கிறார். மறுபடி குரல். மறுபடி அம்மா, இந்த முறை கெஞ்சலாக. அப்புறம் புஸ்ஸென்று தண்ணீர் பீய்ச்சும் சத்தம். சில பேர் போய் வந்த பிறகு தரையைத் தானே கழுவிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆள் வெளியே வந்த பிறகுதான் ஓட வேண்டும். அவர் உள்ளே இருக்கும்போதே ஓடிவிட்டது. கதவு திறந்தபோது புடவைக் கொசுவம் முழங்கால் வரை நனைந்திருந்தது, செருப்பு கையில். "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே" என்றார்.

நனைந்தது கூடப் பரவாயில்லை. அவர் கெஞ்சின குரல்தான் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

மாடிவீடு_மடிப்பாக்கம்

தெருவில் நிற்கும் பெட்டியை விடுங்கள், வீட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஃப்ளஷ் டேங்குக்குள் போடுகிற வெள்ளை மாத்திரை. ஒவ்வொரு தடவை ஃப்ளஷ் பண்ணும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கிருமியைக் கொல்லும் என்று ஹவுஸ் ஓனர் எல்லாப் போர்ஷனிலும் போட்டுவிட்டார். நாங்கள் ஊருக்குப் போயிருந்த நேரம். பல நாள் யாரும் ஃப்ளஷ்ஷைத் தொடவில்லை, மாத்திரை டேங்கிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

திரும்பி வந்த மறுநாள், வேலைக்கு வரும் அக்கா வழக்கம்போல கம்மோடில் ஆசிட் கிளீனரை ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து ஃப்ளஷ்ஷை அழுத்தினார். இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையை மூக்கில் அழுத்திப் பிடித்திருந்தார், கண்ணெல்லாம் சிவப்பு. பாத்ரூமில் நீச்சல் குளத்து வாடை, ஆனால் அதைவிடப் பல மடங்கு காட்டம். டாக்டரிடம் போகலாம் என்றால், "மோர் குடிச்சா சரியாயிடும் சார்" என்று வரவே மாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் வரை இருமல் நிற்கவில்லை.

ஓனருக்குப் போன் போட்டால், "ஆசிட்கூட சேர்க்கக் கூடாதுன்னு கவர்லயே போட்டிருக்கே" என்கிறார். போட்டிருக்கிறதுதான். இங்கிலீஷில், பொடி எழுத்தில். அந்தக் கவர் இருந்தது அவர் வீட்டுக் குப்பைக்கூடையில்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

மடிப்பாக்கம் நண்பருக்கு. மோர் எல்லாம் இதற்கு மருந்து இல்லை. இருமல் நிற்காமல் நெஞ்சு அடைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். உங்கள் பாத்ரூமில் வந்தது குளோரின் வாயு.

எங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம். மாத்திரை போட ஆரம்பித்த சில மாதத்தில், ராத்திரி முழுக்க டேங்கிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம். திறந்து பார்த்தால் அடி ரப்பர் வாஷர் உப்பி, நெளிந்து, தொட்ட விரலில் கறுப்பு மை ஒட்டியது. அவ்வளவுதான். ஆனால் இந்தச் சாதனங்களைப் பற்றி நாலு விஷயம் சொல்லியாக வேண்டும்.

வெள்ளை மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் ஹைப்போகுளோரைட் அல்லது ட்ரைகுளோர். கம்மோடு கழுவும் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வெளியேறும். 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் ஜெர்மன் ராணுவம் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். இது காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம். அதனால் மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் அதைச் சீக்கிரம் இழுத்துவிடாது. கீழே தங்கும், குனிந்து தேய்க்கிறவர் முகத்துக்குத்தான் முதலில் போகும். வேலைக்கு வந்த அந்த அக்காவுக்கு நடந்தது அதுதான்.

அடுத்தது, நீல மாத்திரை. அது வேறு வகை. பெரும்பாலானவற்றில் சோப்பும் சாயமும் வாசனையும்தான். தண்ணீர் நீலமாக வருகிறது என்பதற்காகக் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. குளோரின் மாத்திரையும் கம்மோடில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் வேலை செய்யும். கிருமிநாசினி எதுவானாலும் ஒரு பரப்பு சில நிமிஷமாவது ஈரமாகவே இருக்க வேண்டும், ஓடுகிற தண்ணீர் ஒரு நொடியில் போய்விடுகிறது. நாம் கை வைக்கும் ஃப்ளஷ் பட்டன், ஹெல்த் ஃபாசெட், கதவுத் தாழ்ப்பாள் எதையும் அது தொடுவதே இல்லை.

நம் ஊர் போர்வெல் தண்ணீர் தனிக் கதை. உப்பு படிந்து கம்மோடின் விளிம்புக்கு அடியில் சொரசொரவென்று ஆகிவிடும், கிருமி பதுங்குவதும் அங்கேதான். குளோரினுக்கு அந்த உப்பு கரையாது, ஆசிட்டுக்குத்தான் கரையும். அதனால்தான் வீட்டில் இரண்டுமே புழங்குகிறது, ஆபத்தும் வருகிறது. மாத்திரை போட்டிருக்கும் டேங்க் என்றால் அதை முதலில் எடுத்துவிட்டு, பல தடவை ஃப்ளஷ் பண்ணி, வேறொரு நாளில் ஆசிட் ஊற்றுங்கள்.

ஜப்பானில் டோட்டோ கம்பெனி மாத்திரையே இல்லாமல் செய்கிறது. குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் குளோரைடை மின்சாரத்தால் பிரித்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக்கி, கம்மோடு மேல் தெளிக்கும். கொஞ்ச நேரத்தில் அது பழையபடி சாதாரணத் தண்ணீராகிவிடும்.

கடைசியாக மூடி. 2022-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பச்சை லேசர் அடித்துப் படம் பிடித்தார்கள். மூடி இல்லாத கம்மோடில் ஃப்ளஷ் பண்ணினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் 8 நொடியில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு எழும்பின. ஆக மூடிவிட்டு அழுத்துங்கள்.

சோளிங்கநல்லூர்_நைட்ஷிஃப்ட்

சார், வித்யா அனுபவம் கேட்டார், நீங்கள் பிராக்டிகல் நோட்டே எழுதிவிட்டீர்கள். மூடி பற்றிச் சொன்னது மட்டும் நல்ல விஷயம். ஆனால் ஆபீஸ் கம்மோடுகளில் பாதிக்கு மூடியே கிடையாது.

எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு கம்மோடுக்கு மேலேயும் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டினார்கள். ஆள் எழுந்தால் சென்சார் பார்த்து ஃப்ளஷ் பண்ணும், கூடவே மருந்தையும் பீய்ச்சும். எத்தனை தடவை பீய்ச்சியது என்கிற கணக்கு அட்மின் ஸ்க்ரீனுக்குப் போய்விடும். பெட்டி வந்த பிறகு மாடிக்கு இரண்டாக இருந்த ஹவுஸ்கீப்பிங் ஆள் ஒன்றாகிவிட்டது.

ஒரு விடிகாலை, கிளையன்ட் வருகிற நாள். பாத்ரூமுக்குப் போனால் அந்த அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து, சென்சார் முன்னால் ஆரத்தி எடுப்பது போலக் கையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். 'சொய்ங்' என்று சத்தம் வந்ததும் அடுத்த கதவு. என்னக்கா என்றேன். "மருந்து தீர்ந்துபோச்சு தம்பி. சொன்னா, ஸ்க்ரீன்ல பச்சையாத்தானே இருக்குங்கறாங்க. ராத்திரி ஆள் வராததால கணக்கு கம்மியா இருக்காம், கையக் காட்டுன்னு சொல்லிட்டாங்க." பெட்டிக்குள் பாட்டில் காலி. உள்ளே மருந்து இருக்கிறதா என்று மிஷினுக்குத் தெரியாது, மோட்டார் ஓடினால் ஒரு கணக்கு ஏறும். அப்புறம் அவரே பக்கெட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்து அத்தனையையும் கையால் கழுவினார். கிளையன்ட் அந்தப் பெட்டியை போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எத்தனை மிஷின் மாட்டினாலும் ஒரு ஆள் கழுவுகிற மாதிரி வராது.

புளியந்தோப்பு_பையன்

கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன், ப்ரோ. அந்த ஒரு ஆள் யார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் அம்மா கட்டணக் கழிப்பிடத்தில் வேலை பார்த்தவர். ராத்திரி சாப்பிடும்போது ரசம் பட்டால் விரல் இடுக்கெல்லாம் எரியும், அதனால் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். கிளவுஸ் கொடுத்தார்கள், ஆம்பளை சைஸில். ஆசிட் உள்ளே இறங்கி அங்கேயே நிற்கும், போடாமலிருப்பதே மேல் என்பார். மிஷின் ஒழுங்காக ஓடட்டும், மருந்து தீர்ந்தால் சிவப்பு விளக்கு எரியட்டும். ஆள் வேலையும் போகக் கூடாது, ஆள் கையும் வேகக் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சோளிங்கநல்லூர்_நைட்ஷிஃப்ட்

சரி, நான் எழுதின விதம் உங்களுக்கு அப்படிப் பட்டிருக்கும். நான் சொல்ல வந்தது ஆள் குறைத்ததைத்தான். கிளவுஸ் விஷயம் எங்கள் ஆபீஸிலும் அதே கதைதான், இன்றைக்குத்தான் கவனித்தேன்.

பேசின்பிரிட்ஜ்_பழையகை

வாத்தியார் விட்டுவிட்ட ஒன்று. எல்லா டாய்லெட்டிலும் கிருமியைக் கொல்லக் கூடாது. ரயில் பெட்டிகளில் இருக்கும் பயோ டாய்லெட்டைச் சொல்கிறேன். ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் ரயில்வேயும் சேர்ந்து கொண்டுவந்தது. பெட்டிக்கு அடியில் தொங்கும் தொட்டியில் பாக்டீரியா வளர்கிறது. காற்றில்லாமல் வாழும் ரகம். விழுவதைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். தண்ணீர் வெளியே போகிற வழியில்தான் குளோரின் அறை. கிருமிநாசினிக்கு அங்கேதான் வேலை, மேலே கிடையாது.

ரிட்டயர் ஆன பிறகு கோயம்புத்தூர் போகும்போது பார்த்தேன். ஒரு அம்மா வீட்டிலிருந்தே பினாயில் பாட்டில் கொண்டுவந்து, டாய்லெட்டில் தாராளமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். "அம்மா, ஊத்தாதீங்க, கீழ இருக்கற பாக்டீரியா செத்துடும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பூச்சியை வளர்க்கறீங்களா? அதுவும் டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்க காலுக்கு அடியில?" என்றார். பின்னால் வரிசையில் நின்ற நாலு பேர் அவர் பக்கம். இத்தனை வருஷம் அடைத்துப்போன தொட்டிகளைத் திறந்து குட்கா கவரும் தண்ணி பாட்டிலும் அள்ளியிருக்கிறேன், ஒருத்தரிடமும் இப்படி வாயடைத்து நின்றதில்லை. இப்போதும் அதற்குச் சரியான பதில் தோன்றவில்லை.

அண்ணாநகர்_அப்பா

பக்கத்து ஃபிளாட்டில் கம்மோடு மூடிக்குள் ஒட்டும் யூவி விளக்கு வாங்கினார்கள். மூடினால் எரியும், திறந்தால் அணையும். எங்கள் பெண் அங்கே விளையாடப் போனவள், அணைகிறதா இல்லையா என்று பார்க்க மூடியைத் துளியூண்டு தூக்கி, ஒற்றைக் கண்ணை அதில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். நீல வெளிச்சம் அவள் கன்னத்தில். இழுத்துக்கொண்டு வந்தேன். நிஜமாகக் கிருமியைக் கொல்லும் யூவி-சி என்றால் கண்ணைச் சுட்டுவிடும். வெறும் நீல எல்இடி என்றால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது, கிருமிக்கும் ஒன்றும் ஆகாது. எது என்று பெட்டியில் எழுதவில்லை. கேட்டால், "ஆஃபர்ல வாங்கினோம்" என்றார்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

அலைநீளம் போட்டிருக்கிறதா பாருங்கள். பாதரச விளக்கு என்றால் 254 நானோமீட்டர். 400-ஐ ஒட்டி இருந்தால் அலங்கார விளக்குதான். நிஜமான யூவியும் நேரே படும் இடத்தில்தான் வேலை செய்யும், விளிம்புக்கு அடியில் நிழல்.

தி_நகர்_டூரிஸ்ட்

பாரிஸ் தெருக்களில் 1980-களிலிருந்தே வித்யா சொன்ன மாதிரி டாய்லெட் பெட்டிகள் உண்டு, 2006-லிருந்து இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு தானே மூடி, உள்ளே கழுவி முடித்த பிறகுதான் அடுத்த ஆளுக்குத் திறக்கும். பெரியப்பாவுக்கு அவசரம். பெரியம்மா வெளியே வரும்போதே, கதவு மூடுவதற்குள் நுழைந்துவிடலாம் என்று ஒரு காலை வைத்துவிட்டார். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி அவர் பெல்ட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாரே பார்க்கணும்! அவர் பிரெஞ்சில் திட்ட, இவர் தமிழில் திட்ட, உள்ளே தண்ணீர் சளசளவென்று ஓடுகிற சத்தம். ஊருக்கு வந்த பிறகும் பெரியப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெல்ட்டைப் பிடித்ததுதான் அவருக்கு அவமானம். அந்தப் பாட்டி பிடிக்காவிட்டால் கோட்டு சூட்டோடு குளித்திருப்பார் என்பதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

மாடிவீடு_மடிப்பாக்கம்

வாத்தியார் சார், நீங்கள் சொன்ன பிறகு டேங்கைத் திறந்து பார்த்தேன். எங்கள் வாஷரும் அப்படியே உப்பியிருக்கிறது, கையெல்லாம் கறுப்பு. ஓனர் மாற்றித் தரமாட்டார். நானே வாங்க வேண்டுமென்றால் என்ன கேட்டு வாங்குவது?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்

பெயர் கேட்டெல்லாம் வாங்காதீர்கள், கடைக்குக் கடை ஒரு பெயர் சொல்வார்கள். டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலி பண்ணி, பழையதைக் கழற்றி ஒரு பாலிதீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அளவு பார்த்துக் கொடுப்பார். மிச்ச மாத்திரை இருந்தால் வெறும் கையால் எடுக்க வேண்டாம். ஓனர் மறுபடி போட வந்தால் அந்தப் பழைய வாஷரைக் காட்டுங்கள்.