டெஸ்க்டாப் அப்ளிகேஷனுக்குள் 3டி படத்தை வைத்தவர்களின் அனுபவங்கள்

லாஸ்பேட்டைக்காரன்:

கடலூர் முதுநகரில் ஃபைபர் படகு செய்யும் ஒரு பட்டறைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பில், ஸ்டாக், கூலிக் கணக்கு எல்லாம் டபிள்யூபிஎஃப்பில் (விண்டோஸ் அப்ளிகேஷனின் திரையை அமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவி) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்கார அண்ணன் ஒருநாள், "தம்பி, நீளம் அகலம் போட்டா படகு திரையில வரணும், திருப்பித் திருப்பிப் பாக்கணும், பக்கத்துலயே எத்தனை கிலோ ரெசின், எத்தனை கிலோ ஃபைபர் மேட்னு காட்டணும், முடியுமா?" என்றார். முடியும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

டபிள்யூபிஎஃப்பிலேயே 3டி படம் காட்ட வியூபோர்ட்3டி என்று ஒன்று இருக்கிறது, 2006ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே உண்டு. சின்ன மாடலுக்கு அதுவே போதும். ஆனால் அதில் நாமே ஷேடர் (நிறமும் ஒளியும் எப்படி வரவேண்டும் என்று கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் சின்ன புரோகிராம்) எழுத வழி கிடையாது, என் படகு மாடலுக்கு அது திணறவும் செய்தது. என்னிடம் 3டி வரைவதற்கான ஓபன்ஜிஎல்லில் எழுதி வைத்த பழைய கோட் இருந்ததால், ஹெச்விண்ட்ஹோஸ்ட் (வேறொரு ஜன்னலை டபிள்யூபிஎஃப்புக்குள் பொருத்தும் வழி) போட்டு அதைத் திரையின் நடுவில் உட்கார வைத்தேன். படகு அருமையாகச் சுற்றியது.

அப்புறம்தான் சிக்கல். படகின் முன்முனையான அணியத்தின் மேல் மவுஸை வைத்தால் அந்த இடத்தின் தடிமன் எவ்வளவு என்று ஒரு சின்னப் பெட்டி படகின் மேலேயே வரவேண்டும். பெட்டியைப் போட்டேன், காணவில்லை. எது மேலே வரவேண்டும் என்று சொல்லும் இசட்இண்டெக்ஸை எவ்வளவு ஏற்றினாலும் காணவில்லை. பெட்டி படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. காரணம் என்னவென்றால், டபிள்யூபிஎஃப்பில் நாம் பார்க்கும் பட்டன், எழுத்து எல்லாமே ஒரே ஜன்னலுக்குள் அது வரைகிற படங்கள்தான், ஒவ்வொன்றும் தனி ஜன்னல் கிடையாது. ஹெச்விண்ட்ஹோஸ்ட் போட்டால் அந்தச் செவ்வகம் மட்டும் வேறொரு ஜன்னலுக்குச் சொந்தமாகிவிடும். நம் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்ட மாதிரி, அந்தச் சுவரில் நாம் ஆணி அடிக்க முடியாது. இதை ஏர்ஸ்பேஸ் பிரச்சினை என்பார்கள். பாப்அப் போட்டால் அது தனி ஜன்னல் என்பதால் மேலே வரும், ஆனால் அப்ளிகேஷனை இழுத்து நகர்த்தினால் பெட்டி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அதைக் காட்டி அண்ணனிடம் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து டபிள்யூபிஎஃப்பிலேயே உள்ள டி3டி இமேஜுக்கு மாற்றினேன். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 3.5 சர்வீஸ் பேக் 1ல், 2008ல் வந்தது இது. படகை நாம் டைரக்ட்3டி 9 (3டி வரைய மைக்ரோசாஃப்ட் தருவது) சர்ஃபேஸில் வரைந்து கொடுத்தால், டபிள்யூபிஎஃப் அதைச் சாதாரணப் படம் மாதிரி எடுத்துத் தன் ஜன்னலுக்குள்ளேயே வரையும். மேலே பெட்டி வைக்கலாம், ஓரத்தை வளைக்கலாம், பாதி மங்கலாக்கலாம், எல்லாம் நடக்கும்.

கொண்டுபோய்ப் போட்டேன். சாப்பிடப் போகும்போது அண்ணன் கம்ப்யூட்டரை லாக் செய்துவிட்டுப் போனார், திரும்பி வந்தால் படகு இல்லை, அந்த இடம் கறுப்பு. பில், ஸ்டாக் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன, படகு மட்டும் போய்விட்டது. லாக் ஸ்கிரீன் வரும்போது, திரைக்குப் போகும் படத்தை வைத்திருக்கும் ஃப்ரண்ட் பஃபர் கைவிட்டுப் போய்விடுகிறது. அது திரும்பக் கிடைத்ததும் டி3டி இமேஜ் ஒரு ஈவென்ட் எழுப்பும், அதைப் பிடித்து, நாம் வரைந்து வைக்கும் பேக் பஃபரை மறுபடி கொடுக்கவேண்டும். நான் அதை எழுதவே இல்லை. நான்கு வரி வேலை. ஆனால் அண்ணன் அன்று வாடிக்கையாளரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதலில் நொடிக்கு 60 முறை விடாமல் வரைந்துகொண்டே இருந்தேன். கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போது கூட, யாரும் தொடாத படகுக்காக மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. இப்போது படகு திரும்பினால், அளவு மாறினால் மட்டும் வரைகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்:

நான் க்யூட்டி (டபிள்யூபிஎஃப் மாதிரி திரை அமைக்கும் இன்னொரு கருவி) பக்கம். போர்வெல் போடும்போது எடுக்கிற மண் அடுக்கு விவரங்களை 3டியில் காட்டும் புரோகிராம். க்யூட்டி 5.4ல் வந்த க்யூஓபன்ஜிஎல்விட்ஜெட் நீங்கள் சொன்ன வாடகை அறைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடும், ஏனென்றால் அது முதலில் ஒரு ஃப்ரேம்பஃபரில் (படத்தை வரைந்து வைக்கும் நினைவிடம்) வரைந்து அப்புறம் பட்டன் போன்ற மற்ற விட்ஜெட்டுகளோடு சேர்க்கிறது. ஆனால் அதுவே என்னைப் படுத்தியது. நிழலுக்காக வேறொரு ஃப்ரேம்பஃபரில் வரைந்துவிட்டுப் பழக்கதோஷத்தில் 0 எண் ஃப்ரேம்பஃபருக்குத் திரும்பினேன், திரை காலி. அங்கே 0 நம்முடையது இல்லை, டிஃபால்ட் ஃப்ரேம்பஃபர் எது என்று விட்ஜெட்டிடமே கேட்டு வாங்கவேண்டும்.

அடுத்தது, புது லேப்டாப்பில் ஸ்கேலிங் 200 சதவீதம் வைத்திருந்தார்கள், மொத்தப் படமும் கீழே இடது மூலையில் கால் பங்கில் சுருண்டு கிடந்தது. க்யூட்டி தருகிற அகலம் உயரம் திரையின் உண்மையான பிக்சல் கணக்கு இல்லை, டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் (200 சதவீதம் என்றால் 2) பெருக்கித்தான் வியூபோர்ட்டுக்குக் (ஓபன்ஜிஎல் வரையும் பரப்பு) கொடுக்கவேண்டும். சொடுக்கிய அடுக்கைக் கண்டுபிடிக்கும் இடத்திலும் இதே பெருக்கல் வேண்டும், கூடவே மேல்கீழ் அளவான ஒய்யைத் தலைகீழாகத் திருப்பவேண்டும், விட்ஜெட் மேலிருந்து எண்ணும், ஓபன்ஜிஎல் கீழிருந்து எண்ணும்.

முத்தியால்பேட்டை:

எங்களுக்கு நடந்தது வேறு. வாடிக்கையாளர் விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தார், கிராஃபிக்ஸ் டிரைவர் போடவில்லை. ஷேடர் எதுவும் கம்பைல் ஆகவில்லை, புரோகிராம் திறந்ததும் மூடிவிட்டது. படத்தை வரைவது எது என்று காட்டும் ரெண்டரர் பெயரைக் கேட்டுப் பார்த்தால் ஜிடிஐ ஜெனரிக் என்று வந்தது. அது விண்டோஸோடு வருகிற ஓபன்ஜிஎல் 1.1, ஷேடர் வந்தது ஓபன்ஜிஎல் 2.0லிருந்துதான். இப்போது திறக்கும்போதே அந்தப் பெயரைப் பார்த்து, டிரைவர் இல்லை என்று தமிழிலேயே ஒரு வரி காட்டுகிறோம், மற்ற பக்கங்கள் வழக்கம்போல ஓடும். அண்ணா, உங்கள் படகில் உள்பக்கத் தோலும் வெளிப்பக்கத் தோலும் ஒன்றோடொன்று மினுங்கவில்லையா? எங்களுக்கு மெல்லிய தகடு எல்லாமே மினுங்குகிறது.

லாஸ்பேட்டைக்காரன்:

மினுங்கியது தம்பி. நான் எல்லா அளவையும் மில்லிமீட்டரில் வைத்திருந்தேன், கேமராவின் நியர் (இதைவிடக் கிட்டே இருப்பது படத்தில் வராது) 0.01. எது முன்னால் எது பின்னால் என்று தூரத்தைக் குறித்து வைக்கும் 24 பிட் டெப்த் பஃபரில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே அரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால்தான் எது முன்னால் என்று அதற்குத் தெரியும். என் படகின் தோல் 6 மில்லிமீட்டர். நியரை 100 ஆக்கினேன், அதே தூரத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியைக்கூடப் பிரித்துக் காட்டுகிறது. தூரத்து எல்லையான ஃபாரைக் குறைத்துப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, நியர்தான். உங்களுடையது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.