தம்பி போனுக்கு வைரஸ் பாதுகாப்பு: காசு யார் கொடுக்க வேண்டும்?

வியாசர்பாடி அக்கா:
என் தம்பி பார்சல் டெலிவரி செய்கிறான். ஓட்டேரி, பெரம்பூர், மூலக்கடை எல்லாம் அவன் ரூட். போன வாரம் வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு ஃபைன்" என்று ஒரு ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வந்திருக்கிறது, நாள் முழுக்க பைக்கிலேயே இருப்பவன், பயந்துபோய் தொட்டுவிட்டான். எஸ்எம்எஸ் பார்க்க அனுமதி கேட்டதாம், அதற்கும் சரி கொடுத்திருக்கிறான். விடிவதற்குள் 6,200 ரூபாய் போய்விட்டது. ஓடிபி வந்த மெசேஜ்கூட போனில் இல்லை.

கம்பெனியில் சொன்னால் "போன் உன்னுது, நீதான் பார்த்துக்கணும்" என்கிறார்கள். அந்த போன் இல்லாமல் ஒரு பார்சல் எடுக்க முடியாது! மொபைல் கடையில் வருஷத்துக்கு 800 ரூபாய் ஆன்டிவைரஸ் போடச் சொல்கிறார்கள். போடலாமா? அந்தக் காசு யார் தலையில்?

தண்டையார்பேட்டை சர்வீஸ்:
அக்கா, முதலில் சைபர் மோசடி புகார் எண் 1930-க்கு போன் பண்ணுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, நம் கவனக்குறைவு என்றாலும் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் ஒரு நாள்கூட தள்ளாதீர்கள். அப்புறம் போனை முழுசாக ரீசெட் பண்ணி, பாஸ்வேர்டு எல்லாம் மாற்றுங்கள்.

800 ரூபாய் வேண்டாம். ப்ளே ஸ்டோரில், கெட்ட ஆப் இருக்கிறதா என்று பார்க்கும் ப்ளே ப்ரொடெக்ட் இலவசமாகவே இருக்கிறது, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் வெளி ஆப் இன்ஸ்டால் பண்ணும் அனுமதியை எடுத்துவிடுங்கள். என்னிடம் வரும் போன்களில் பாதி இந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.

ராயபுரம்வாசி:
சர்வீஸ் அண்ணன் சொல்வது சரி, ஆனால் போனைத் தயாரித்து விற்றவனை ஏன் விட்டுவிடுகிறோம்? என் அம்மா போன் 2021-ல் வாங்கியது. செக்யூரிட்டி அப்டேட் 2023 மார்ச்சோடு நிற்கிறது. போன் நன்றாகத்தான் ஓடுகிறது, கண்ணாடிகூட கீறவில்லை, ஆனால் அதன் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை. அதற்கு நாம் இன்னொரு போன் வாங்கணுமா? விற்றவன் இன்னும் சில வருஷம் அப்டேட் தரட்டும், அந்தச் செலவு அவனுடையது.

மணலி ஷிஃப்ட்:
நான் வேலை செய்யும் இடத்தில் ஹெல்மெட்டும் ஷூவும் கம்பெனிதான் தருகிறது, சம்பளத்தில் பிடிப்பதில்லை. டெலிவரிப் பையனுக்கு போன்தான் வேலைக் கருவி. ஒன்று கம்பெனி வேலைக்கென்று தனி போன் கொடுக்கட்டும், இல்லையென்றால் மாதம் ஒரு தொகை கொடுத்து, இந்த மாதிரி ஃபைல் வந்தால் தொடாதே என்று வேலையில் சேரும் அன்றே சொல்லிக் கொடுக்கட்டும். தம்பியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் அக்கா, வண்டிதான் சோறு போடுகிறது, ஃபைன் என்றால் யாருக்கும் கை நடுங்கும்.

வியாசர்பாடி அக்கா:
1930-ல் பதிவாகிவிட்டது, வங்கியிலும் கொடுத்துவிட்டோம். ரீசெட் பண்ணியதில் அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போய்விட்டதே என்றுதான் தம்பிக்கு வருத்தம். அவனும் கூட ஓட்டும் நாலு பேரும் சேர்ந்து சனிக்கிழமை கம்பெனியில் தனி போன் கேட்டு எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே போடுகிறேன்.