ஏஜென்சி எஃப்பி ஃபான்ட்: இன்னுமா இதை ஃப்யூச்சர்னு போடுறீங்க?

கோணமானி:
ரோபோட்டிக்ஸ் போஸ்டர், கேமிங் சேனல் லோகோ, ஜிம் பேனர், எதை எடுத்தாலும் ஏஜென்சி எஃப்பி தான். ஒல்லியா, சதுரமா, மெஷின்ல வெட்டி எடுத்த மாதிரி இருக்குன்னு போட்டுடுறாங்க. 1932ல அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ்ங்கற அச்செழுத்து கம்பெனிக்கு மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைஞ்ச ஏஜென்சி காத்திக் தான் இதோட மூலம். 90 வருஷத்துக்கு மேல ஆன வடிவத்தை வச்சு எதிர்காலம்னு காட்டுறது சோம்பேறித்தனம்.

ஈயஎழுத்து:
வயசைச் சொல்லி ஒரு எழுத்தை ஒதுக்க முடியாதுங்க. பென்டன் வரைஞ்சது கேப்பிட்டல் மட்டும், தலைப்புக்குன்னே வரைஞ்சது. நாம இப்ப யூஸ் பண்றது 1990கள்ல ஃபான்ட் பீரோங்கற ஃபான்ட் கம்பெனில டேவிட் பெர்லோ ஸ்மால் லெட்டர் சேர்த்து, பல வெயிட் (கோட்டுத் தடிமன்) பல அகலம்னு விரிச்சது. ஓ, சி மாதிரி உருண்டையா வர்ற எழுத்துக்கு ரெண்டு பக்கமும் கோட்டை நிமித்தி மூலைய மட்டும் வளைச்சிருக்கு பாருங்க, அதனால எழுத்துக்கு எழுத்து இடைவெளி சீரா விழுது, குறுகுன இடத்துலயும் நீளமான பேரை நல்லா உயரமா போட்டுடலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது.

கோணமானி:
இடம் மிச்சம் தான், படிக்க முடியணுமே? டேஷ்போர்டுல 10 பாயின்ட்ல போட்டா டி (D), ஓ (O), சைபர் மூணும் ஒண்ணு போலத் தெரியுது, பி-யும் (B) 8-ம் குழம்புது, உள்ள இருக்குற வெள்ளை இடமே அடைச்சுக்குது. ஜெர்மனியோட எழுத்துத் தரம் டின் 1451ல எங்ஷ்ரிஃப்ட்னு குறுகலா ஒண்ணு இருக்கு. ஆனா ரோட்டு போர்டுல முதல்ல மிட்டெல்ஷ்ரிஃப்ட்ங்கற நடு அகல எழுத்து தான் போடுவாங்க, அது அடங்கலைன்னா தான் ஒல்லி எழுத்துக்குப் போவாங்க. அந்த வரிசை தான் நியாயம்.

அச்சுப்பலகை:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. ஏஜென்சி எஃப்பியோட ரெகுலரும் போல்டும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடவே வந்துச்சு, அதான் ஆளாளுக்கு கையில கிடைச்சுது. இப்ப அந்த இடத்துக்கு ரியோய்ச்சி சுனேகாவா பண்ண பெபாஸ் நியூ வந்துடுச்சு, அது ஃப்ரீ, ஆனா கேப்பிட்டல் மட்டும். எனக்கு டெக்னாலஜி மாதிரி தெரியணும்னா யூரோஸ்டைல் தான், 1962ல இத்தாலி டூரின்ல இருந்த நெபியோலோ அச்செழுத்து கம்பெனிக்கு ஆல்டோ நோவரேசே பண்ணது, அதே சதுர ஓ தான், ஆனா மூச்சு விட இடம் இருக்கு.

ஈயஎழுத்து:
யூரோஸ்டைல் அழகு தான் நண்பா, ஆனா அகலம். மொபைல் ஸ்க்ரீன்ல நாலு வார்த்தை தலைப்பை ஒரே வரில அடக்கிக் காட்டுங்க பார்ப்போம். கோணமானி சொன்ன குழப்பம் நிஜம், ஆனா தலைப்புக்குச் செஞ்ச எழுத்தை டேஷ்போர்டுக்குள்ள திணிச்சவங்களை விட்டுட்டு ஃபான்ட்டை ஏன் திட்டணும்?

கோணமானி:
திணிக்கிறது தானே தினமும் நடக்குது. சீரியல் நம்பர், பாஸ்வேர்டு, விலை, இது மூணுலயும் இந்த எழுத்தைப் போட மாட்டேன்னு நீங்க சொன்னா, தலைப்பு பத்தி உங்களோட மேல பேச நான் ரெடி.

ஈயஎழுத்து:
அந்த மூணுலயும் நானும் போட மாட்டேன். இப்ப தலைப்புக்கு வாங்க.