புதுக் கண்ணாடிக்குப் பழகுவது கண்ணா, மூளையா?

வைகைக்கரை:
பவர் மைனஸ் 2-லிருந்து மைனஸ் 4-க்கு ஒரேயடியாக ஏறிவிட்டது. புதுக் கண்ணாடியில் எழுத்தெல்லாம் துல்லியம். ஆனால் தலையைத் திருப்பினால் சுவரும் கூடவே நகர்கிறது, மாடிப்படியில் கால் வைக்கும் இடம் தப்புகிறது. கடைக்காரர் "போடப் போடப் பழகிடும்" என்கிறார். எதுதான் பழகும்? அதுவரை கழற்றி வைக்கலாமா?

பழைய பிசியாலஜி வாத்தியார்:
கழற்றாதீங்க. பழகவேண்டியது சிறுமூளை. அதற்குப் பாடமே உங்க தொல்லைதான்.

கட்டைவிரலை நீட்டி, அதையே பார்த்தபடி தலையை இடம் வலம் ஆட்டுங்க. விரல் தெளிவாகவே தெரியும். தலை ஒரு பக்கம் போனால் கண் எதிர்ப்பக்கம் போகிறது. உட்செவி கிளப்பிவிடும் அனிச்சைச் செயல் இது. (வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நான் முதலில் கேட்பதே இதைத்தான், பாதிப் பேர் முழிப்பார்கள்.) மைனஸ் லென்ஸ் உருவத்தைச் சுருக்குவதால் இனி கண் கொஞ்சம் குறைவாகத் திரும்பினால் போதும். அது பழைய கணக்கிலேயே திரும்புகிறது, அதனால் சுவர் நகர்கிறது. அந்தப் பிழைச் செய்தி மூளைத்தண்டிலிருந்து சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள் என்கிற பெரிய நரம்பு செல்களுக்கு ஏறுகிறது. அதைக் கொண்டுவரும் நரம்பிழை ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்றுதான். அது தட்டும்போது வேலை செய்துகொண்டிருந்த மற்ற இணைப்புகள் பலம் இழக்கும், பழைய கணக்கு திருந்தும். 1982-இல் ஜப்பானில் மசாவோ இட்டோ குழு இதைக் காட்டியது.

எவ்வளவு தூரம் பழகும்? கனடாவில் கான்ஷோரும் மெல்வில் ஜோன்ஸும் இடவலத்தை மாற்றிக்காட்டும் பட்டகக் (பிரிஸம்) கண்ணாடியைச் சிலருக்கு 27 நாள் வரை மாட்டிவைத்தார்கள். அனிச்சைச் செயலின் திசையே மாறியது! இந்த அனிச்சைச் செயலைத் திருத்தும் சிறுமூளைப் பகுதியை நீக்கிய பூனைகளுக்கு இப்படிப் பழகவே இல்லை.

திருச்சி அத்தை:
எங்க பாட்டிக்கு அந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷன், அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. டம்ளரை எடுக்கப் போனா கை பாதியிலயே நின்னுடும். அதுவும் இதானா?

பழைய பிசியாலஜி வாத்தியார்:
அதேதாம்மா, ஆனா தலைகீழ். அந்தக் கனத்த பிளஸ் கண்ணாடியில் உருவம் கிட்டத்தட்ட கால் பங்கு பெரிசாகும், பொருள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். கையின் கணக்கைத் திருத்துவதும் சிறுமூளைதான். சிறுமூளை பாதிக்கப்பட்ட பலருக்கு, காட்சியை ஒரு பக்கம் தள்ளிக்காட்டும் பட்டகக் கண்ணாடி போட்டு எறியச் சொன்னால், எத்தனை முறை எறிந்தாலும் குறி விலகிக்கொண்டே இருக்கும்.

வைகைக்கரை:
சரி சார், கழற்றல. டூவீலர் ஓட்டலாமா?

பழைய பிசியாலஜி வாத்தியார்:
சுவர் நிற்கும்வரை பஸ்ஸில் போங்க. வீட்டுக்குள் தலையைத் திருப்பித் திருப்பி நடங்க, படியில் கைப்பிடியை விடாதீங்க. இரண்டு வாரமாகியும் குறையலைன்னா கடையில் கண்மணி இடைவெளியையும் (இரு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம்) சிலிண்டர் அச்சையும் (சிலிண்டர் பவர் வைக்கும் கோணம்) திரும்ப அளக்கச் சொல்லுங்க. திடீரென்று ஒரு பக்கமாகத் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை வந்தால் அது கண்ணாடிச் சமாசாரம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி.