யூரியேஸ் நொதியில் 217ஆம் லைசினின் முனையில் ஒட்டியிருப்பது என்ன?

கேள்வி – முதுநிலை மாணவி

வணக்கம். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் பாக்டீரியாவில் யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் நொதிக்கு 1995இல் வெளியான படிகக் கட்டமைப்பைக் கணினித் திரையில் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வினை நடக்கும் இடத்தில் இரண்டு நிக்கல் அயனிகளுக்கு நடுவே நீண்டிருக்கும் 217ஆம் அமினோ அமிலமான லைசினின் முனையில், எந்தப் பாடநூலிலும் காணாத ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் ஒட்டியிருக்கின்றன. மரபணுவைப் பார்த்தால் அது சாதாரண லைசின்தான். இது மாதிரியை அமைத்தவர்களின் பிழையா, படிகம் வளர்த்த கரைசலிலிருந்து ஒட்டிக்கொண்டதா?

மறுமொழி 1 – படிகவியலாளர்

இரண்டும் அல்ல, அம்மா. லைசினின் அமினோ முனையில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு சேர்ந்து கார்பமேட் ஆகியிருக்கிறது. கவைபோல் பிரியும் அந்த இரண்டு ஆக்சிஜன்களையும் அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஒரு நிக்கலையும் மற்றது அடுத்த நிக்கலையும் பற்றியிருக்க, அயனிகள் ஏறத்தாழ 3.5 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் நிற்கின்றன. வெறும் லைசின் பொதுவாக நேர் மின்னேற்றம் கொண்டது, ஆகவே நிக்கலை அணுகவிடாது. கார்பமேட் ஆனபின் அதே கை எதிர் மின்னேற்றம் பெற்று நிக்கலை ஈர்த்துப் பிடிக்கிறது.

மறுமொழி 2 – நொதியியல் ஆய்வாளர்

மேலே சொன்னது சரி. ஆனால் மாணவியின் ஐயம் நியாயமானது. 2.2 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் (விவரம் தெரியும் நுணுக்க அளவில்), எக்ஸ் கதிர்த் தரவிலிருந்து வரையும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் ஒரு கவை வடிவத்தைக் காட்டுமே தவிர, அதன் நுனியில் இருப்பது ஆக்சிஜனா நைட்ரஜனா என்று தானாகச் சொல்லாது. என்னை நம்பவைத்தவை வேதிச் சோதனைகள்தான். நிக்கல் இல்லாத நொதிக்கு நிக்கலை மட்டும் கொடுத்தால் போதாது, கார்பன் டை ஆக்சைடும் வேண்டும் என்பது அதே 1995இல் காட்டப்பட்டது. பின்னர் 217ஆம் லைசினை அலனின் என்ற சிறிய அமினோ அமிலமாக மாற்றியபோது நொதி நிக்கலையும் செயல்திறனையும் இழந்தது. ஃபார்மிக் அமிலத்தையும் நிக்கலையும் சேர்த்ததும் செயல்திறன் ஓரளவு மீண்டது. கார்பமேட் செய்த வேலையை, ஃபார்மிக் அமிலத்தின் எதிர் அயனியான சிறிய ஃபார்மேட் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. மற்ற உயிரிகளின் யூரியேஸிலும் இது உண்டா?

மறுமொழி 3 – படிகவியலாளர்

உண்டு. ஸ்போரோசார்சினா பாஸ்டூரியை என்ற பாக்டீரியாவில் அது 220ஆம் லைசின். 1926இல் வேதியியலாளர் சம்னர் முதன்முதலாகப் படிகமாக்கிய வாளவரை யூரியேஸின் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தினர் 2010இல் வெளியிட்டார்கள்; அதில் 490ஆம் லைசின். அணுக்களின் இடங்களைப் பதியும் ஆயக்கோப்புகளில் இந்த லைசினை, சாதாரண லைசினின் குறியீடான எல்.ஒய்.எஸ். (LYS) என்று தேடாமல், கார்பமேட் ஆன லைசினின் குறியீடான கே.சி.எக்ஸ். (KCX) என்று தேடுங்கள்.