சனிக்கிழமை அரை மணி நேரம்

கவின்: சனிக்கிழமை எல்லோரும் கூடும்போது மாலை 5 முதல் 5.30 வரை நாமே ஒரு விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறோம். தொலைக்காட்சியில் வருவது போலவே. மேசையில் யார் யார்? இரவுக்குள் சொல்லுங்கள்.

நிலா: நான் கேமரா.

வித்யா அத்தை: மடக்கு நாற்காலிகள் எங்கே? போன முறை எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவில்லை.

செல்வம் சித்தப்பா: என்னிடம் இல்லை.

வித்யா அத்தை: உன்னைச் சொல்லவே இல்லையே.

முரளி மாமா: கவின், ஆட்களை முடிவு செய்யும் முன் ஒன்று. ஸ்கோர் எல்லோருக்கும் முன்பே தெரியும்; அதைக் கேட்க யாரும் உட்காருவதில்லை. எதிரெதிரே இருப்பவர்களுக்குள் உண்மையான பழக்கம் வேண்டும். அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சி இஎஸ்பிஎன் 2001-இல் தொடங்கிய 'பார்டன் தி இன்டரப்ஷன்' விவாத நிகழ்ச்சியைப் பார். டோனி கோர்ன்ஹைசர், மைக்கேல் வில்பன் இருவரும் அதற்கு முன்பே வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அந்த உரிமையில்தான் சண்டை போடுகிறார்கள். திரை ஓரத்தில் தலைப்புகளின் பட்டியல், கூடவே ஓடும் கடிகாரம். மணி அடித்தால் அடுத்த தலைப்புதான். அலுப்பே தட்டாது.

நிலா: மாமா, பத்தி பிரித்து எழுதுங்கள்.

பெரியப்பா: கடிகாரம் அவசியம். சிலருக்கு மிகவும் அவசியம்.

செல்வம் சித்தப்பா: பெயரைச் சொல்லியே எழுதலாம் அண்ணா.

பாட்டி: (குரல் பதிவு, 41 விநாடி)

கவின்: பாட்டி, மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

முரளி மாமா: இன்னொன்று. 'இன்சைட் தி என்பிஏ' என்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் பேச்சு நிகழ்ச்சியில் பேசும் முன்னாள் வீரர்களில் ஷகீல் ஓ'நீல் 4 முறை என்பிஏ பட்டம் வென்றவர். சார்லஸ் பார்க்லிக்கு ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லியே ஓ'நீல் சீண்டுவார், பார்க்லி அசரமாட்டார். நடுவில் ஏர்னி ஜான்சன் தன் கருத்தைத் திணிக்காமல், பந்தைக் கடத்துவது போலப் பேச்சைக் கடத்துவார். நடுவில் இருப்பவர் சரியில்லை என்றால் கூச்சல்தான் மிஞ்சும்.

செல்வம் சித்தப்பா: எனக்குப் பிடிப்பது துணிச்சல். 1995-இல் பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' கால்பந்து நிகழ்ச்சியில் ஆலன் ஹான்சன், மான்செஸ்டர் யுனைடெட் அணியைப் பற்றி, சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்றார். அந்தப் பருவத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் லீக், எஃப்ஏ கோப்பை இரண்டையும் வென்றது. தவறாகச் சொன்னாலும் பட்டென்று சொன்னார். மழுப்புகிறவரை யார் பார்ப்பார்கள்?

பெரியப்பா: தவறினால் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். 2005, இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதி ஆட்டம். இடைவேளையில் மிலான் 3-0. ஆட்டம் முடிந்தது என்று தொலைக்காட்சியை அணைத்தது யார்?

செல்வம் சித்தப்பா: அண்ணா, 20 வருடம் தாண்டிவிட்டது.

பெரியப்பா: 6 நிமிடத்தில் லிவர்பூல் 3 கோல். நான் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வித்யா அத்தை: மறுபடியும் இஸ்தான்புல்லா?

பாட்டி: ரிமோட் என் தலையணைக்கு அடியில் இருந்தது. இரண்டு பேரும் தூங்கட்டும் என்று நான்தான் எடுத்து வைத்தேன். அதைத்தான் பதிவில் சொன்னேன்.

பெரியப்பா: அம்மா!

செல்வம் சித்தப்பா: இத்தனை வருடம் நான் ஒளித்து வைத்ததாகச் சொன்னீர்களே அண்ணா.

பெரியப்பா: ரிமோட் விஷயம் சரி. அணைத்தது நீதான்.

கவின்: மேசையில் நீங்கள் இருவரும்தான். முதல் தலைப்பு இஸ்தான்புல்.

முரளி மாமா: நடுவில் நான். கோர்ன்ஹைசர் நிகழ்ச்சியில் அன்று சொன்ன தவறுகளைக் கடைசியில் திருத்தியதுண்டு. நாமும் அப்படி ஒரு பகுதி வைக்கலாம்.

நிலா: அப்படியானால் மாமாவுக்கும் கடிகாரம்.

பெரியப்பா: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. திருத்துவது யார்?

கவின்: பாட்டி?

பாட்டி: எனக்கு 5 மணிக்கு மாத்திரை இருக்கிறது. பார்க்கலாம்.

வித்யா அத்தை: எல்லாம் சரி, உட்கார நாற்காலி?

செல்வம் சித்தப்பா: மாடியில் பார்க்கிறேன் அக்கா. நான்கு இருக்கலாம்.